54 கிலோ குறைந்த பிறகு மிஞ்சிய தோல்: சுற்றி எடுத்த ஓர் அறுவை சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 43 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். உயரம் 158 செ.மீ. எடை ஒரு கட்டத்தில் 128 கிலோ, பிஎம்ஐ 51. ஸ்லீவ் முறையில் இரைப்பையைச் சுருக்கிக்கொண்ட 26 மாதங்களில் 74 கிலோவுக்கு வந்திருந்தார், அதிலும் கடைசி எட்டு மாதம் எடை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.6, மூச்சிரைக்காமல் இரண்டு மாடி ஏறுகிறார். எடை குறைப்பு என்ற அளவில் இதைவிட நல்ல பலனைக் கேட்க முடியாது. ஆனால் முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: “உடம்பு குறைஞ்சிருச்சு டாக்டர், தோல் குறையலையே.”

நிற்கும்போது வயிற்றுத் தோல் பிறப்புறுப்பை மறைத்துத் தொடையின் மேல்பகுதி வரை தொங்கியது. முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு மடிப்பு. புட்டம் சதை வற்றிச் சப்பையாகிக் கீழே இறங்கியிருந்தது, மர நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வால் எலும்பு குத்துகிறது என்றார். தொடையின் வெளிப்பக்கம் சரிந்திருந்தது, உள்பக்கம் முழங்கால் வரை அலை அலையாகத் தொங்கி நடக்கும்போது உரசியது. எடை குறைந்தவர்களின் தோல் தளர்வை உடலின் பத்துப் பகுதிகளில் 0 முதல் 3 வரை (3 மிக மோசம்) மதிப்பிடும் பிட்ஸ்பர்க் அளவுகோல் 2005-இல் வந்தது, அதன்படி வயிறும் தொடையும் 3, புட்டம் 2. எண் ஒரு பக்கம் இருக்கட்டும், கழிப்பறைக்குப் போனால் ஒரு கையால் வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சுத்தம் செய்ய முடிகிறது என்பதை அவர் மிகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த மாதிரி நோயாளிகளிடம் நாம் கேட்காவிட்டால் இது வெளியே வராது, அதனால் கேட்டே ஆக வேண்டும்.

மடிப்புக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் வயிற்று மடிப்பிலும் தொடை இடுக்கிலும் பூஞ்சைத் தொற்று வந்து வந்து போயிருக்கிறது, அவரும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீமை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பூசியிருக்கிறார். அது பூஞ்சை மருந்தும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்த கலவை. பூசியவுடன் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும், போகப்போகத் தோல் காகிதம் போல மெலிந்து ரத்த நாளம் தெரியும். இப்படிப்பட்ட தோலில் கத்தி வைத்தால் தையல் பிடிக்காது. ஸ்டீராய்டை நிறுத்தி, தோல் மருத்துவர் துணையோடு வாய்வழிப் பூஞ்சை மருந்து கொடுத்து, மடிப்பில் பருத்தித் துணி வைத்து உலர்வாக வைத்திருக்கச் சொல்லி, இரண்டு மாதத்துக்கும் மேல் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு வீணில்லை, ஏனென்றால் ரத்தத்தையும் அதே நேரத்தில் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஹீமோகுளோபின் 9.6. இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரையில் கிடந்தது, வைட்டமின் டி குறைவு, பி12 எல்லைக்கோட்டில், ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 3.3. இரைப்பை சுருங்கியவர்களுக்குப் பசி குறைவு, சாப்பிடும் அளவும் குறைவு, அந்தக் கொஞ்சத்தையும் இட்லி, ரசம் சாதம் என்று நிரப்பிவிட்டால் புரதம் எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் புரதம், இவருக்கு ஒரு நாளைக்கு எண்பது கிராமாவது தேவை. முட்டை, மீன், சுண்டல், தயிர், அதற்கும் மேல் பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி என்று உணவு ஆலோசகர் பட்டியல் போட்டுக் கொடுத்தார். இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் நரம்பு வழியாக ஏற்றினோம். அறுவை சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் 12.1, ஆல்புமின் 3.9. இந்த இரண்டு எண்களும் ஏறாமல் நான் தேதி கொடுத்திருக்க மாட்டேன். உடலைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மேல் நீளமான காயம் ஆற வேண்டும், அதற்கான சரக்கு உள்ளே இருக்க வேண்டும் அல்லவா.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். உடற்பயிற்சியில் சரியாகாதா, கிரீம், மசாஜ், லேசர் எதுவும் இல்லையா? இந்த அளவு தளர்வுக்கு இல்லை. பல வருடம் இழுபட்ட தோலில் எலாஸ்டின் இழைகள் சிதைந்துபோகின்றன, கொலாஜனின் அமைப்பு மாறிவிடுகிறது, உள்ளே இருந்த கொழுப்பு போனதும் பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி அது திரும்பிச் சுருங்குவதில்லை. கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் மட்டும் செய்தால் இன்னும் தொங்கும். வெட்டி எடுப்பது ஒன்றே வழி, தழும்பு அதன் விலை. அந்த விலையை ஒப்புக்கொள்ளாதவருக்குச் செய்யக் கூடாது.

சரி, எங்கே வெட்டுவது? இவருக்கு ஏற்கெனவே வேறோர் இடத்தில் முன்பக்க வயிறு மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் தொங்கும் மடிப்பை வெட்டி எடுக்கும் சிகிச்சை பழையது, பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி 1899-லேயே செய்தார். பிரசவத்துக்குப் பிறகு வயிறு தளர்ந்தவருக்கு முன்பக்க அறுவை சிகிச்சை அழகாகப் பொருந்தும். ஆனால் 54 கிலோ குறைந்தவரின் தளர்வு முன்பக்கத்தோடு நிற்பதில்லை, இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக எல்லாமே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். முன்னால் மட்டும் வெட்டினால் வெட்டு எங்கே முடிகிறதோ அந்த இரண்டு இடுப்போரத்திலும் தோல் குவிந்து மேடு தட்டும், புட்டமும் வெளித்தொடையும் இருந்தபடியே இருக்கும். நோயாளி கண்ணாடியில் பார்த்து, இன்னும் பாதி இருக்கிறதே என்பார். அது அவருடைய பேராசை இல்லை, திட்டம் பாதிதான் போடப்பட்டது என்று அர்த்தம்.

சுற்றி எடுக்கும் முறையை மெக்சிகோவின் கொன்சாலஸ் உயோவா 1960-இல் பெல்ட் லிபெக்டமி என்ற பெயரில் எழுதினார். ஆனால் அதை நம்பிச் செய்யக்கூடியதாக மாற்றியது அமெரிக்காவின் டெட் லாக்வுட் 1991-இல் விளக்கிய மேலோட்டச் சவ்வு அமைப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். தோலுக்கு அடியில் கொழுப்புக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு வலை உடல் முழுக்க ஓடுகிறது. தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தழும்பு அகலும், சில மாதத்தில் மறுபடி தொங்கும். அந்தச் சவ்வைப் பிடித்து உறுதியான நூலால் தைத்தால் பாரம் முழுவதையும் அது தாங்கும், மேலே தோல் இழுவிசை இல்லாமல் சேர்ந்து ஆறும். பின்னர் அமெரிக்க அறுவை மருத்துவர் அல் அலி போன்றவர்கள் இதையே எடை குறைந்தவர்களுக்கென்று விரிவாக வகுத்தார்கள். இரண்டு வழிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அலியின் முறையில் முதுகுத் தழும்பு மேலே வரும், இடை நன்றாக எடுப்பாகும். லாக்வுட்டின் வழியில் தழும்பு கீழே வரும், தொடையையும் புட்டத்தையும் அதிகம் தூக்கும்.

இவருக்கு எது? இந்த இடத்தில்தான் மேல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே தழும்பு நீச்சல் உடைக்குள் மறைகிறதா என்று பார்க்கிறார்கள். இவர் தினமும் பள்ளிக்குச் சேலை கட்டிப் போகிறவர், உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிச்சுப் போடும் இடம் அலியின் தழும்பு வரும் உயரத்துக்கு ஏறக்குறைய அதேதான். புதுத் தழும்பின் மேல் நாள் முழுக்க நாடா அழுத்தி உரசினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, வருடக்கணக்கில் நாடா அழுத்திய இடத்தில் ஆறாத புண்ணும் அரிதாகப் புற்றுநோயும் வந்ததாகவே நம் நாட்டில் பதிவுகள் உண்டு. அதனால் அவர் வழக்கமாக அணியும் உள்பாவாடையையும் உள்ளாடையையும் எடுத்துவரச் சொல்லி, அவரையே கட்டிக்காட்டச் சொல்லி, நாடா விழும் கோட்டை முதலில் வரைந்துவிட்டு அதற்கு நான்கு விரல் கீழே தழும்பு வரும்படி திட்டமிட்டேன். வயிற்றின் நடுவே செங்குத்தாகவும் ஒரு வெட்டுப் போட்டு அகலத்தையும் குறைக்கும் ஃப்ளூர் டி லீ முறையையும் யோசித்தோம். மேல்வயிற்றைக் கிள்ளிப் பார்த்தால் பக்கவாட்டுத் தளர்வு பெரிதாக இல்லை, அந்தத் தழும்போ சேலைக்கும் ரவிக்கைக்கும் நடுவே தெரியும் இடத்தில் விழும். அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

உள்தொடையைச் சேர்த்தே செய்துவிடலாமா என்று அவருடைய கணவர் கேட்டார். “ரெண்டு தடவை மயக்கம் கொடுக்கணுமா சார், ஒரே தடவையில முடிச்சிடலாமே” என்றார். நியாயமான கேள்வி, செலவும் இரண்டு தடவை, விடுப்பும் இரண்டு தடவை. ஆனால் இடுப்பைச் சுற்றி மேலே இழுக்கும்போது தொடைத் தோலும் ஓரளவு ஏறும், அது அடங்கிய பிறகுதான் உள்தொடையில் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். ஒரே நாளில் செய்தால் நேரம் நீளும், ரத்த இழப்பு கூடும், இடுக்கில் இரண்டு வெட்டுகளின் வீக்கமும் சேர்ந்து நிணநீர் ஓட்டத்தைத் தடுக்கும். ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும் என்று முடிவானது.

கோடு போடுவது முந்தைய நாள் மாலை, நிற்க வைத்து. முன்பக்கம் வயிற்றுத் தோலை அவரே இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பிடிக்க, பிறப்புறுப்பின் மேல்முனையிலிருந்து ஏழு செ.மீ. உயரத்தில் கீழ்க்கோடு. அதைத் தோலை இழுக்காமல் வரைந்தால் தழும்பு எங்கேயோ மேலே போய்விடும். முதுகின் நடுப்பகுதியை மட்டும் குனிய வைத்து அளக்க வேண்டும். நிற்கும்போது தளர்வாகத் தெரியும் தோல் குனியும்போது முழுக்கத் தேவைப்படும், அங்கே ஆசைப்பட்டு அதிகம் எடுத்தால் முதல் தடவை உட்காரும்போதே தையல் பிரியும். அங்கே எட்டு செ.மீ.தான் எடுத்தோம், பக்கங்களில் அதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர குறுக்கே செங்குத்துக் குறிகள், அப்புறம் படம். சி.டி. ஸ்கேனில் தொப்புளில் சிறிய குடலிறக்கம் ஒன்று தெரிந்தது, அதைச் சரிசெய்யும்போது தொப்புளுக்கு ரத்த ஓட்டம் போய்விடும் வாய்ப்பு இருக்கிறது, தொப்புளே இல்லாமல் போகலாம் என்பதை அன்றே சொல்லிக் கையெழுத்து வாங்கினோம்.

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில், இரண்டு குழுவாக, ஐந்தரை மணி நேரம். உடம்பில் பாதியைத் திறந்து வைத்திருக்கிறோம், வெப்பம் வேகமாக இறங்கும், அதனால் அறையின் ஏசி குளிரைக் குறைத்து, ஏற்றும் திரவத்தையும் சூடாக்கி, மேல் உடலுக்குச் சூடான காற்றுப் போர்வை போட்டோம். எங்களுக்கு வேர்த்து வழியும், பரவாயில்லை. முதலில் குப்புறப் படுக்க வைத்து முதுகுப் பகுதி. முகம், கண், மார்பு, முழங்கால் எங்கும் அழுத்தம் விழாமல் மெத்தை வைப்பதற்கே நல்ல நேரம் எடுக்கும், அதில் அவசரப்படக் கூடாது. மேல்கோட்டை முதலில் வெட்டி, கீழ்த்தோலை விடுவித்து, மேலே இழுத்துப் பார்த்து எவ்வளவு வருகிறதோ அதற்குத் தகுந்தாற்போல்தான் கீழ்க்கோட்டை வெட்டினோம். வால் எலும்புக்கு மேலே கொழுப்பை முழுதாக எடுக்காமல் ஒரு படலம் விட்டுவைத்தோம், வழித்து எடுத்தால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும்.

புட்டத்துக்கு மேலே இருந்த மடிப்பை வீசி எறியவில்லை. தோலின் மேல்படலத்தை மட்டும் சீவிவிட்டு, அடியில் ரத்த ஓட்டத்தோடு இருக்கும் கொழுப்பை அப்படியே வைத்து, தசை மேல் உறைக்கு மேலாக ஒரு பை போல இடம் பிரித்து அதற்குள் கீழிறக்கித் தைத்தோம். சொந்தச் சதையாலேயே புட்டத்துக்கு உருவம் கிடைக்கிறது. இதை வெறும் அழகு என்று நினைப்பவர்கள், உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது என்று அவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். வெளித்தொடையில் லைப்போசக்‌ஷன் குழாயை விட்டு, கொஞ்சம் கொழுப்பை எடுத்து, தோலை அடியிலுள்ள ஒட்டுகளிலிருந்து தளர்த்தினோம், இல்லாவிட்டால் தொடை மேலே ஏறாது. பக்கவாட்டில் தைக்கும்போது காலை அகட்டி வைத்தால் இழுவிசை குறையும். சவ்வுக்குத் தடித்த நூல், அதற்கு மேல் இரண்டு அடுக்கு.

பிறகு மல்லாக்கத் திருப்பினோம். மயக்க மருத்துவர் தலைப்பக்கம், நான்கு பேர் உடம்புப் பக்கம், மூச்சுக்குழாய் நகராமல், புதுத் தையல் பிரியாமல் திருப்புவது தனி வேலை. வயிற்றில் தொப்புளுக்குக் கீழே கொழுப்புக்கு நடுவே ஓடும் ஸ்கார்ப்பா சவ்வையும் அதற்கு அடியிலுள்ள கொழுப்பையும் தசை மேலேயே விட்டுவிட்டுத் தோலைப் பிரித்தோம், நிணநீரைக் கொண்டுபோகும் நிணநாளங்கள் அந்த அடுக்கில்தான் அதிகம், அவை அறுபட்டால் நீர் கோக்கும். தொப்புளுக்கு மேலே நடுவில் குறுகலான வழி மட்டும், விலாவோரத்திலிருந்து வரும் ரத்தக் குழாய்களைத் தொடாமல். ஐந்து செ.மீ. விலகியிருந்த வயிற்றுத் தசைகளை நடுக்கோட்டில் சேர்த்துத் தைத்தோம், தைக்கும்போது மூச்சுக்காற்றின் அழுத்தம் ஏறுகிறதா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே. குடலிறக்கத்தைத் தொப்புளின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகிச் சரிசெய்ததால் தொப்புள் பிழைத்தது. எடை குறைந்தவர்களுக்குத் தொப்புள் காம்பு நீண்டிருக்கும், அதைச் சுருக்கி வைக்காவிட்டால் வெளியே துருத்தும். மேல் தோலை அங்கங்கே தசை உறையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே இறக்கி, மேசையை இடுப்பில் மடக்கி மூடினோம். எடுத்த தோலும் கொழுப்பும் 4.6 கிலோ. ரத்தம் ஏற்றவில்லை, மறுநாள் ஹீமோகுளோபின் 9.8.

இந்த அறுவை சிகிச்சையில் எனக்கு உண்மையான பயம் காலில் உறையும் ரத்தக்கட்டுதான். பிளாஸ்டிக் சர்ஜரியில் ரத்தக்கட்டு அபாயம் மிக அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று, கட்டு நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். வயது, பிஎம்ஐ, நீண்ட அறுவை சிகிச்சை, காலில் நரம்புச் சுருட்டல் எல்லாம் சேர்த்து இவருக்கு ரத்தக்கட்டு அபாயத்தை அளக்கும் காப்ரினி மதிப்பெண் 5. மயக்கம் கொடுப்பதற்கு முன்பிருந்தே காலை அழுத்தி விடும் கருவி, எட்டு மணி நேரம் கழித்து ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபரின் ஊசி 40 மி.கி., பத்து நாள் தொடர்ந்து. அன்று இரவே இரண்டு சிஸ்டர்கள் பிடித்துக்கொள்ளக் கூனியபடியே கட்டிலைச் சுற்றி நடந்தார். வலிக்கும்தான், ஆனால் படுத்தே இருப்பதற்கு அனுமதி இல்லை.

முன்னும் பின்னும் இறுக்கமாக இருப்பதால் நிமிர்ந்தால் வயிறு இழுக்கும், குனிந்தால் முதுகு இழுக்கும். இதை வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் பெரிய வேலை. தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடும் கழிப்பறை ஆறு வாரத்துக்குக் கூடாது, கோலம் போடுவது, குனிந்து துணி துவைப்பது எதுவும் கூடாது. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லை, அதனால் கழிப்பறை நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொன்னோம். மாமியார் வந்து பார்த்தபோது, “கால நீட்டித் தரையில உக்காந்தா தப்பா தம்பி?” என்று கேட்டார், தப்புதான் அம்மா என்றேன்.

இவ்வளவு சொல்லியும் இரண்டாவது வாரம் இடது இடுப்பின் பின்பக்கம், முன் வெட்டும் பின் வெட்டும் சேரும் இடத்தில் இரண்டு செ.மீ. அளவுக்குத் தோல் பிரிந்தது. சவ்வுத் தையல் அசையவில்லை, மேல் தோல் மட்டும், தினமும் கட்டு மாற்றியதில் மூன்று வாரத்தில் ஆறியது. உள்ளே ஊறும் நீரை வெளியேற்ற வைத்த டிரெய்ன் குழாய்கள் நான்கு, நாளுக்கு 30 மி.லி.க்குக் கீழே வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்தோம். முதுகுக் குழாயை எடுத்த பிறகும் நீர் கோத்தது, ஊசியால் முதலில் 60 மி.லி., பிறகு 40, பிறகு 15 என்று எடுக்க அடங்கியது. இந்த இரண்டும் இந்தச் சிகிச்சையில் அடிக்கடி வருபவை, வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை.

ஏழு மாதம் கழித்து உள்தொடை. முதலில் எடுக்கப்போகும் பகுதி முழுவதிலும் லைப்போசக்‌ஷன், பிறகு தோலை மட்டும் உரித்து எடுப்பது. கொழுப்பு அடுக்கில் ஓடும் நிணநாளங்களும் பெரிய சபீனஸ் சிரையும் இப்படிச் செய்தால் தப்பும், ஆழமாக வெட்டினால் கால் வீக்கம் நிரந்தரமாகிவிடலாம். தழும்பு இடுக்கிலிருந்து முழங்கால் வரை, கொஞ்சம் பின்பக்கமாக. இடுக்கில் தோலை இறுக்கி இழுக்காமல் உள்ளேயுள்ள கோலிஸ் என்ற உறுதியான சவ்வில் நங்கூரமிட்டோம். லாக்வுட் 1988-இல் சொன்ன உத்தி அது, இல்லாவிட்டால் பாரம் முழுதும் பிறப்புறுப்பின் உதடுகளை இழுத்து அகட்டிவிடும்.

செலவு பற்றி. காப்பீட்டு நிறுவனம் முதலில் இதை அழகு சிகிச்சை என்று மறுத்தது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விதிவிலக்கிலேயே, உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவை என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த விலக்கு பொருந்தாது என்று இருக்கிறது. தோல் மருத்துவரின் குறிப்புகள், மடிப்புப் புண்ணின் படங்கள், ஸ்கேனில் தெரிந்த குடலிறக்கம் எல்லாவற்றையும் இணைத்து மறுபடி எழுதினோம். முன்வயிற்றுக்கும் குடலிறக்கத்துக்கும் ஆன பகுதி கிடைத்தது, முதுகுக்கும் தொடைக்கும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறார்கள், அதன் நேரடி விளைவாக மிஞ்சும் தோலை மட்டும் எப்படி ஆடம்பரம் என்கிறார்கள்? இந்த வழியில் போகப்போகிறவர்கள் மடிப்பில் புண் வரும் ஒவ்வொரு தடவையும் மருத்துவரிடம் காட்டிச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் பேசும்.

முதல் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றேகால் வருடத்தில் கடைசியாகப் பார்த்தோம். எடை 72 கிலோ. மடிப்புத் தொற்று திரும்பவில்லை. முதுகுத் தழும்பு மெல்லிய கோடாக நாடாவுக்குக் கீழே கிடக்கிறது, இடது இடுப்பில் பிரிந்து ஆறிய இடம் மட்டும் கொஞ்சம் அகலம், அங்கே சிலிக்கான் பட்டை ஒட்டச் சொல்லியிருக்கிறோம். அடிவயிற்றில் தொப்புளுக்குக் கீழே ஒரு கையளவு இடத்தில் இன்னும் மரத்துப்போயிருக்கிறது, அது முழுக்கத் திரும்பும் என்று நான் உறுதி கொடுக்கவில்லை. வலது முழங்காலுக்கு அருகே மாலையில் லேசான வீக்கம், இறுக்கக் காலுறை போட்டால் வடிகிறது. ஃபெரிட்டின் மறுபடி இறங்கத் தொடங்கியிருப்பதால் இரும்பை இன்னொரு தடவை ஏற்றியிருக்கிறோம். கைத் தோலைப் பற்றிக் கேட்டார், அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.